துப்பாக்கிக்குள் ஒரு பூட்டு: உரிமையாளர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள்?

பொங்கோலில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் மூட்டுவலி மாத்திரைகள் ஒரு பிளாஸ்டிக் புட்டியில் இருக்கும். அதன் மூடியை அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும். சிறு பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட மூடி அது. மூன்று வயதான என் அக்காள் மகனால் அதைத் திறக்க முடியாது. கிலுகிலுப்பைபோல் ஆட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். ஆனால், விரல் மூட்டுகள் வீங்கிய அம்மாவாலும் அதைத் திறக்க முடிவதில்லை. ஒருநாள் பார்த்தால், மூடியைத் திருகாமல் புட்டியின் மேல் சும்மா வைத்திருந்தார். "ஒவ்வொரு வேளையும் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

பிள்ளையைத் தடுக்க வந்த மூடி அம்மாவையும் தடுத்தது. அதனால் அம்மா மூடியைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டார். கடைசியில் பிள்ளைக்கும் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று.

இது நடந்த சில நாள்களில், உயர்நிலை மூன்றாம் வகுப்பில் உந்தம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆங்கிலத்தில் மொமென்டம் என்று படிப்பதுதான் உந்தம். இணைப்பாட நடவடிக்கையாகத் துப்பாக்கி சுடுதலைத் தேர்ந்தெடுத்திருந்த ஒரு மாணவி கை உயர்த்தினார். "சார், அமெரிக்க ரிவால்வர்கள் சிலவற்றில் சாவித் துளை இருக்கிறதே. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கே அது பிடிக்கவில்லையாம். பாதுகாப்பு என்றால் நல்லதுதானே, ஏன் எதிர்க்கிறார்கள்?"

நல்ல கேள்வி. அம்மாவின் மாத்திரைப் புட்டி எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. இந்த வாரம் அந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

சாவித் துளை எப்படி வந்தது?

முதலில் ரிவால்வர் என்றால் என்ன என்று பார்ப்போம். அதன் நடுவில் ஓர் உருளை இருக்கும். அந்த உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். அறைக்கு ஒரு தோட்டா. டிரிகரை இழுத்தால் உருளை ஓர் அறை அளவு சுழலும். கூடவே சுத்தி போன்ற ஒரு பாகம் பின்னுக்குச் சென்று, முன்னால் பாய்ந்து, தோட்டாவின் அடிப்பகுதி அடிபடும். ரிவால்வர்கள் பெரும்பாலானவற்றில் கையால் தள்ளிவிடும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. எடுத்து, டிரிகரை இழுத்தால் சுடும். அந்த எளிமைக்காகவே காவல்துறைகள் பலவும் நீண்டகாலம் அதைப் பயன்படுத்தின. நம் சிங்கப்பூர்க் காவல்துறை அதிகாரிகளின் இடுப்பில் பல ஆண்டுகள் இருந்த டாரஸ் 85 வகை ஐந்து தோட்டா ரிவால்வர்தான். இப்போது அதன் இடத்தைக் குளோக் கைத்துப்பாக்கி பிடித்து வருகிறது.

எடுத்தவுடன் சுடும் கருவி தவறான கையில் கிடைத்தாலும் எடுத்தவுடன் சுடும். இந்தக் கவலை பழையது. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1887இல் ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கைப்பிடியின் பின்புறத்தில் ஒரு தட்டு இருந்தது. கைப்பிடியை இறுகப் பற்றி அந்தத் தட்டை அழுத்தினால்தான் துப்பாக்கி சுடும். சிறு கைகளால் ஒரே நேரத்தில் தட்டையும் அழுத்தி, டிரிகரையும் இழுப்பது கடினம். சாவி தேவையில்லை, பெரியவர் ஒருவர் இயல்பாகப் பிடித்தாலே பூட்டு திறந்துவிடும்.

சாவியால் பூட்டும் முறை பின்னால் வந்தது. பிரேசிலின் டாரஸ் நிறுவனம் 1997 முதல் தன் துப்பாக்கிகளில் உள்பூட்டு வைக்கத் தொடங்கியது. 2000 மார்ச் 17ஆம் தேதி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், அதிபர் பில் கிளிண்டனின் அரசாங்கத்துடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 60 நாள்களுக்குள் துப்பாக்கியோடு வெளிப்பூட்டு ஒன்றைத் தர வேண்டும். 24 மாதங்களுக்குள் துப்பாக்கிக்குள்ளேயே பூட்டு அமைக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் இரண்டு.

துப்பாக்கி உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணித்தார்கள். விற்பனை சரிந்தது. 1987இல் 112.5 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டிஷ் முதலாளிகள், 2001 மே மாதம் 15 மில்லியன் டாலருக்கு அதை விற்றார்கள். வாங்கியவர்கள் யார் தெரியுமா? துப்பாக்கிப் பூட்டுத் தொழிலில் இருந்த ஒரு சிறு நிறுவனம்! அதன் பிறகு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களின் இடப்பக்கத்தில் அந்தச் சிறு துளை வந்தது. சாவியை அதில் நுழைத்துத் திருப்பினால் உள்ளே ஒரு சிறு உலோகத் துண்டு நகர்ந்து சுத்தியைத் தடுத்துவிடும்.

எதிர்ப்பில் எத்தனை வகை?

உரிமையாளர்கள் சொன்ன காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் நான்கு கிடைக்கும்.

ஒன்று, அரசியல் காரணம். "அரசாங்கம் எங்கள் மீது திணித்தது" என்ற கோபம். இரண்டு, அழகு சார்ந்த காரணம். நூறாண்டு பழைமையான வடிவத்தில் ஒரு துளை போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம். மூன்று, பயன்பாட்டுக் காரணம். நள்ளிரவில் திருடன் நுழைந்தால், இருட்டில் நடுங்கும் கையோடு சிறு சாவியைத் தேட முடியுமா? நான்கு, நம்பகத்தன்மை. நாம் பூட்டாதபோதே பூட்டு தானாக விழுந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியாது. அதனால் அவை பொய் என்று பொருளல்ல. அவை அறிவியல் கேள்விகள் அல்ல, அவ்வளவுதான். நான்காவது காரணம் அப்படியல்ல. உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள விதிகளைக் கொண்டே அதை ஆராயலாம்.

பூட்டு தானாக விழ முடியுமா?

தோட்டாவின் குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. இரண்டின் உந்தமும் அளவில் சமம். திசை மட்டும் எதிர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மேக்னம் எனப்படும் வலுவான தோட்டா ஒன்றின் குண்டு ஏறத்தாழ 10 கிராம், அதாவது 0.01 கிலோகிராம். வேகம் நொடிக்கு 380 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உந்தம் 0.01 × 380 = 3.8 அலகுகள். வெடிமருந்து வாயுவின் உந்தத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

எஃகால் ஆன கனமான ரிவால்வர் 1.1 கிலோகிராம் இருக்கும். 3.8ஐ 1.1ஆல் வகுத்தால், அது நொடிக்கு ஏறத்தாழ 3.5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி உதைக்கும். இதே தோட்டாவைச் சுடும் டைட்டானியம், ஸ்கேண்டியம் கலந்த இலேசான ரிவால்வர்களும் உண்டு. அவற்றில் சில வெறும் 330 கிராம்தான். 3.8ஐ 0.33ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 11.5 மீட்டர்! எடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தால் உதைக்கும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது.

அந்த வேகம் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். குண்டு குழலைவிட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. ஆயிரத்தில் ஒரு நொடி என்றே எடுத்துக்கொண்டாலும் முடுக்கம் 11.5 ÷ 0.001 = 11,500. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம்.

இப்போது துப்பாக்கிக்குள் இருக்கும் பூட்டின் சிறு உலோகத் துண்டை நினைத்துப் பாருங்கள். அதன் எடை 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து திடீரெனக் கிளம்பினால் நின்றுகொண்டிருக்கும் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா? உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இதுதான் நிலைமம். துப்பாக்கி பின்னால் பாயும்போது அந்த உலோகத் துண்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதைத் துப்பாக்கியோடு சேர்த்து இழுத்துச் செல்ல 0.001 × 11,500 = 11.5 நியூட்டன் விசை வேண்டும். ஒரு கிலோ அரிசிப் பையைத் தூக்கத் தேவையான விசையைவிட இது அதிகம்! அந்த விசையைக் கொடுக்க வேண்டியது உள்ளே உள்ள ஒரு சிறிய சுருள்வில்லும் உராய்வும்தான். அவை போதவில்லை என்றால் துண்டு தன் இடத்தைவிட்டு நகரும்.

ஆக, இலேசான துப்பாக்கி, வலுவான தோட்டா, தேய்ந்த வில் மூன்றும் சேர்ந்தால் பூட்டு தானாக விழுவது இயற்பியல் விதிகளுக்கு மாறானது அல்ல. தானாகப் பூட்டிக்கொண்டதாகச் சிலர் புகார் சொன்னதும் இத்தகைய இலேசான துப்பாக்கிகளைப் பற்றித்தான். கனமான எஃகு ரிவால்வரில் இதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு.

ஆனால், "நடக்க முடியும்" என்பதும் "அடிக்கடி நடக்கும்" என்பதும் ஒன்றல்ல. பத்துப் பேர் புகார் சொன்னால், எத்தனை பேரில் பத்து என்று நாம் கேட்க வேண்டும். நூறில் பத்து என்றால் ஆபத்து. பத்து லட்சத்தில் பத்து என்றால், துப்பாக்கியின் மற்ற பாகங்கள் பழுதாகும் வாய்ப்பு அதைவிட அதிகமாக இருக்கலாம். பழுதான துப்பாக்கியின் படம் ஒன்று ஆயிரம் பேரைப் பயமுறுத்தும். பழுதாகாத துப்பாக்கியை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை. எந்தப் புகாரைப் படித்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

உரிமையாளர்கள் சொன்ன இன்னொன்றும் கணக்களவில் சரி. ஓர் இயந்திரத்தில் 20 பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் முறையில் 999 முறை சரியாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து சரியாக வேலை செய்யும் வாய்ப்பு 0.999ஐ 20 முறை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 98 விழுக்காடு. மேலும் 4 பாகங்களைச் சேர்த்தால் அது 97.6 விழுக்காடாகக் குறையும். எந்தப் பாகத்தைச் சேர்த்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு.

பூட்டு இல்லாவிட்டால்?

இப்போது தராசின் மறுதட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் இறக்கிறார்கள். இவர்களில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 1991இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறு பிள்ளைகள் சுட முடியாதபடி தடுக்கும் அமைப்பு, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று காட்டும் அடையாளம் ஆகிய இரண்டும் இருந்திருந்தால் நூற்றுக்கு 31 மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்றது அது. அதில் பெரும்பங்கு, அதாவது 23, தோட்டாவைக் காட்டும் அடையாளத்தால் தடுத்திருக்கக்கூடியவை. பிள்ளைத் தடுப்பால் மட்டும் 8. பூட்டைப் பற்றியே எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "துப்பாக்கி காலி என்று நினைத்தேன்" என்ற தவறுதான் அதிக உயிர்களைப் பறித்திருக்கிறது.

2005இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இன்னோர் ஆய்வு வந்தது. பிள்ளைகளோ பதின்ம வயதினரோ வீட்டுத் துப்பாக்கியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களையும், அப்படி எதுவும் நடக்காத குடும்பங்களையும் அது ஒப்பிட்டது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டா நிரப்பாமல் வைப்பது, தோட்டாக்களைப் பூட்டி வைப்பது, இரண்டையும் தனித்தனி இடங்களில் வைப்பது ஆகிய நான்கு பழக்கங்களில் ஒவ்வொன்றும் குறைவான பாதிப்போடு தொடர்புடையதாக இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஆய்வு பார்த்தது மனிதர்களின் பழக்கத்தை. துளை இருந்தும் சாவியை ஒருமுறைகூடத் திருப்பாதவருக்கு உள்பூட்டால் எந்தப் பயனும் இல்லை. எங்கள் வீட்டு மாத்திரைப் புட்டியில் நடந்ததும் இதுதான்.

பழுதானால் எந்தப் பக்கம்?

இந்தச் சண்டையின் வேர் எங்கே இருக்கிறது? பொறியாளர்கள் எந்தப் பாதுகாப்புச் சாதனத்தை வடிவமைத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்பார்கள்: "இது பழுதானால், எந்த நிலையில் பழுதாக வேண்டும்?"

நம் வீவக அடுக்குமாடியின் மின்தூக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தால் தடைக்கட்டை தானாகப் பிடித்து மின்தூக்கியை நிறுத்த வேண்டும். எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க் கண்காட்சியில் மக்கள் முன்னால் கயிற்றை வெட்டச் செய்து காட்டியது இதைத்தான். மின்தூக்கிக்கு நிற்பதே பாதுகாப்பான நிலை. கட்டடங்களில் அட்டை காட்டினால் திறக்கும் காந்தப் பூட்டுக் கதவுகள் இருக்கின்றன அல்லவா? தீ எச்சரிக்கை ஒலித்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்டுக் கதவு திறந்துகொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க வேண்டுமே! அங்கே திறந்திருப்பது பாதுகாப்பு. வங்கிப் பெட்டகத்தில் அது தலைகீழ். மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்க வேண்டும்.

ரிவால்வரில் எது பாதுகாப்பான நிலை? பிள்ளை கையில் எடுத்தால், பூட்டியிருப்பது. ஆபத்தில் இருப்பவர் எடுத்தால், திறந்திருப்பது. ஒரே கருவி, ஒரே பூட்டு, எதிரெதிரான இரண்டு விடைகள். உரிமையாளர் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார். பூட்டு வேண்டும் என்பவர் முதலாவதை மட்டும் பார்க்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சண்டை ஓயவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், 2002க்குப் பின் தயாரான கைத்துப்பாக்கிகளை அங்கே விற்க உள்பூட்டு கட்டாயம் என்று சட்டமியற்றியது. மறுபக்கம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிற்காலத்தில் சில ரிவால்வர்களைப் பூட்டு இல்லாமலும் விற்கத் தொடங்கியது.

பயனாளரை மறந்துவிட்டுப் பூட்டு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1974இல் அமெரிக்காவில் விற்ற புதிய கார்கள், இருக்கை வார் போட்டால்தான் கிளம்பும்படி அமைக்கப்பட்டன. இருக்கையில் காய்கறிப் பையை வைத்தாலும் கார் கிளம்ப மறுத்தது. மக்கள் கடுப்பாகிக் கம்பிகளைத் துண்டித்தார்கள். அதே ஆண்டு அந்த விதி நீக்கப்பட்டது. ஆனால் இருக்கை வார் மறையவில்லை. இன்று வார் போடாவிட்டால் கார் ஒலி எழுப்பி நினைவூட்டுகிறது, நாமும் போட்டுக்கொள்கிறோம்.

சிங்கப்பூர் பூட்டை எங்கே வைத்தது?

நம் ஊரில் இந்தச் சண்டை ஏன் இல்லை? பூட்டின் இடம் வேறு. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படுத்துபவர்களுக்கும் மிகக் கடுமையான தண்டனை விதிக்கிறது. துப்பாக்கிகளையும் வெடிபொருள்களையும் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் ஒன்றை 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. விளையாட்டுக்காகச் சுடுபவர்களின் துப்பாக்கிகள் மன்றத்தின் ஆயுதக் கிடங்கில் இருக்கும். படுக்கையறை அலமாரியில் அல்ல. தேசிய சேவையில் இருக்கும் உங்கள் அண்ணன்மாரைக் கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியை எண்ணிப் பார்த்துக் கிடங்கில் ஒப்படைத்த கதையைச் சொல்வார்கள். துப்பாக்கியும் வீடும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் துப்பாக்கிக்குள் ஒரு சிறு உலோகத் துண்டை நம்பவேண்டிய தேவை குறைகிறது.

ஆனால், பிரச்சினை நமக்கு முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. காவல்துறை அதிகாரியின் துப்பாக்கி அவர் கைக்கு உடனே வர வேண்டும். வேறு யார் கைக்கும் வரக் கூடாது. 2015 ஜூன் மாதம் கூ டெக் புவாட் மருத்துவமனையில், காவலில் இருந்த ஒருவர் அதிகாரியின் ரிவால்வரைப் பறிக்க முயன்றார். துப்பாக்கி வெடித்து அதிகாரி காயமடைந்தார். அதிகாரியின் இடுப்பில் இருக்கும் உறை, பயிற்சி, அருகில் நிற்கும் சக அதிகாரி ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே பூட்டு. அமெரிக்க உரிமையாளர் கேட்கும் அதே கேள்வியை நம் அதிகாரியும் தினமும் இடுப்பில் சுமந்துகொண்டு நடக்கிறார்.

ஆக, அந்த மாணவிக்கு என் விடை இது. பாதுகாப்பு நல்லதுதான். ஆனால், "இது யாரைத் தடுக்கிறது, யாரைத் தடுக்கக் கூடாது, பழுதானால் யாருக்குப் பாதிப்பு?" என்று கேட்காமல் வைத்த பூட்டைப் பயனாளர்களே அகற்றிவிடுவார்கள். எதிர்ப்பவர் சொல்வதில் எது விருப்பம், எது இயற்பியல், எது எண்ணிக்கை என்று பிரித்துக் கேட்டால், நல்ல பூட்டு செய்வதற்கான குறிப்பும் அதிலேயே கிடைக்கும்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? மருந்தகத்தில் சொல்லிச் சாதாரண மூடியுள்ள புட்டி வாங்கினோம். அதை அம்மாவுக்கு எட்டும், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் உள்ள அலமாரியில் வைத்து, அதற்குத் தாழ்ப்பாள் போட்டோம். பூட்டைப் புட்டியிலிருந்து அலமாரிக்கு மாற்றினோம், அவ்வளவுதான். அம்மா இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்புச் சாதனம் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். சிங்கப்பூரில் பழைய வீடுகளிலும் 2025 ஜூலைக்குள் இதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் அருகில் இருக்கும்போது அழுத்திப் பாருங்கள். விளக்குகள் அணைந்தால் சாதனம் வேலை செய்கிறது. நாமே சோதித்துப் பார்க்க முடிந்த பாதுகாப்பை நம்புவது எளிது என்பது புரியும்.

பிறகு வீட்டில் உள்ள மூன்று பாதுகாப்பு அமைப்புகளைத் தேர்ந்தெடுங்கள்: சன்னல் கம்பி, சலவை இயந்திரக் கதவு, சமையல் எரிவாயு அடைப்பான் என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பழுதானால் அது திறந்த நிலையில் நிற்குமா, மூடிய நிலையில் நிற்குமா? அதனால் யாருக்கு ஆபத்து? வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். நீங்கள் எளிதாகத் திறப்பதை அவர்களால் திறக்க முடியாமல் இருக்கலாம்.